வாய்க்கால் தண்ணீர் என்று சொன்னேன்

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், திருத்துறைப்பூண்டி சாலையில் அம்மா இட்லிக்கடை வைத்திருந்தாள். ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு. அப்பா இல்லை. விடியுமுன் எழுந்தால் மத்தியானம்வரை அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தை மாதம் கூலி கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுவடைக்கு இறங்கவில்லை. கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்களுக்கும் அம்மா இலை போட்டாள். மூன்றாம் நாள் மிராசுதாரின் காரியக்காரர் வந்து, "இனிமே எங்க கிணத்துல வாளி இறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே நல்ல தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான். அன்றிலிருந்து அம்மா வாய்க்காலில் மொண்டுவந்து, துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்தாள். இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சானிட்டரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். மனு வந்திருக்கிறதாம். யார் போட்டது என்று அவர் சொல்லவில்லை, அம்மா கேட்கவுமில்லை. காரியக்காரர் மட்டும் சாலையோரம் வந்து நின்றுகொண்டார்.

பலகாரம் வைக்கும் கம்பிவலைக் கூண்டு, லைசென்ஸ், அம்மா காலரா ஊசி போட்டுக்கொண்ட சீட்டு, எல்லாம் சரியாக இருந்தன. இன்ஸ்பெக்டர் களைத்துப்போன மனிதர். அண்டாவைப் பார்த்து, தண்ணீர் ஏது என்று கேட்டார். அம்மா குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினாள். என் பக்கம் திரும்பினார்.

"கிணத்துத் தண்ணிதானே பாப்பா?"

"இல்ல சார், வாய்க்கா தண்ணி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. கிணத்துத் தண்ணிதானே?"

பாவம், அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். எந்தப் படித்துறை, எத்தனை குடம் என்பதையும் சத்தமாகச் சேர்த்துச் சொன்னேன். வகுப்பிலும் நான் அப்படித்தான்.

அவர் சாலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"கொதிக்க வச்சுத்தாங்க குடுக்கறேன்" என்றாள் அம்மா.

"தெரியுதும்மா. அக்கம்பக்கத்துல காலரா. வாய்க்கா தண்ணின்னு காதுல விழுந்தப்புறம் நான் என்ன செய்யட்டும்?"

நல்ல தண்ணீருக்கு வழி செய்யும்வரை கடை திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். கிணற்றுக்குப் போகவிடாமல் செய்ததைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. "உள்ளதைத்தானே சொன்னே" என்று அடுப்பில் தண்ணீரைத் தெளித்து அணைத்தாள்.

வேலைநிறுத்தம் அந்த மாதமே ஓய்ந்து, பழைய கூலிக்கே ஆட்கள் வயலில் இறங்கினார்கள். கடையை அம்மா திரும்பத் திறக்கவில்லை. கோடையில் நாங்கள் மாமா வீட்டுக்குப் போய்விட்டோம்.

கடை மூடிய மறுநாள், வெயில் ஏறியும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அவளுக்கு லீவு கொடுத்திருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா தூங்கட்டும் என்று வாசலில் காவலுக்கு உட்கார்ந்து, சத்தம் போட்ட கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தேன்.