சுரண்டாமல் விட்ட சுவர்

மலாயாவில் லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருக்கும் அந்தப் பலகை வீட்டை இப்போது நினைவில்லமாக்கப் போகிறார்களாம். தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரையோடு மல்லுக்கு நின்ற ஆசிரியரின் வீடு. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன நானும் அங்கேதான் எழுதப் பழகினேன். எழுதப் பழகிய பிள்ளை தன் பெயர், தகப்பன் பெயர், குடியிருக்கும் லயத்து வீட்டு எண் ஆகிய மூன்றையும் கூடத்துச் சுவரில் சாயத்தால் எழுத வேண்டும். அது அவர் வைத்த வழக்கம்.

ஜப்பான்காரன் வந்தபோது ஆசிரியர் உயிரோடு இல்லை. அவர் மனைவிக்கு நான் ஒத்தாசையாக இருந்தேன். துரைமார் ஓடும்போது தோட்டத்துப் பதிவேடுகளை எரித்துவிட்டதால், சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்த கணக்கெழுதும் புதுக் கிராணிக்கு யார் வீட்டில் யார் என்று தெரியாது. அப்பா எப்போதோ இறந்துவிட்டார். நானும் அம்மாவும் மட்டுந்தான் என்று சொல்லிவிட்டோம். அண்ணன் காட்டோரக் குடிசையில் ஒளிந்திருந்தான்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். சுவரின் மேல்வரிசையில் ஆசிரியர் எழுதியிருந்த ஆங்கில எழுத்துகளை ஜப்பான்காரர்கள் பார்த்தால் வீட்டையே கொளுத்திவிடுவார்களோ என்று புலம்பிக்கொண்டே இருந்தேன்.

"அலமாக்! நீ பயந்தே செத்துருவ போல. சுரண்டித் தொலை லா," என்றார் ஆசிரியரம்மா.

தேய்ந்த பால்வெட்டுக் கத்தியால் இரண்டு நாள் சுரண்டினேன். தமிழைத் தொடவில்லை. ஜப்பான்காரனுக்குத் தமிழ் தெரியுமா என்ன?

கிராணிக்குத் தெரியும். அவனும் நம் ஆள்தானே.

மறுவாரம் சிப்பாயோடு வந்தவன் சுவரை நிதானமாகப் படித்தான்.

"பேரு, அப்பன் பேரு, லயத்து நம்பரு... அடேயப்பா, உங்க வாத்தியாரு எனக்குன்னே எழுத வெச்சிருக்காரு." என் பக்கம் திரும்பினான். "உன் பேருக்குப் பக்கத்துல அதே அப்பன், அதே நம்பரு. யாரு இது?"

"அண்ணன். காய்ச்சல்ல செத்துட்டாரு."

"எங்க பொதைச்சீங்க?"

அவன் அண்ணன் பெயரை விரலால் தட்டினான்.

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு அவன் வந்து நிக்கணும். இல்லைன்னா உங்கம்மாவ ஏத்துவேன்."

அம்மாவை ஏற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணன் தானாகவே வந்து வரிசையில் நின்றான். சுவரில் பெயர் இருந்த வேறு சிலரும் நின்றார்கள். லாயாங் லாயாங் ஸ்டேஷனில் சரக்குப் பெட்டியில் ஏற்றினார்கள்.

"எவன்டி காட்டிக் குடுத்தான்?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"தெரியலண்ணே," என்றேன்.

"சரி. அம்மாவப் பாத்துக்க."

பெட்டிக் கதவைச் சாத்தினார்கள். அவன் திரும்பி வரவில்லை. அம்மா சாகும்வரை கிராணியைத்தான் சபித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.