இருபத்து மூன்றாவது பிரதி

வங்கியில் வேலை பார்த்த ஐந்து வருடத்தில் கும்சுக் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அந்தப் படம் ஒன்றைத்தான். சம்பளத்தில் பாதி அம்மாவிடம் போகும். மீதியில் தம்பியின் கல்லூரிக் கட்டணம், தேகு நகரத்து அறை வாடகை, குளிர்காலக் கரி. அந்த வருடக் கடைசியில் கொடுத்த போனஸை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வங்கிக்குப் பின்தெருவில் ஒரு சிறிய ஓவியக்கூடம் இருந்தது. அதன் சொந்தக்காரர் வாரா வாரம் கவுண்டருக்கு வருவார். கும்சுக்கின் ஜன்னலில்தான் நிற்பார். மற்ற வாடிக்கையாளர்களைப் போல "பொண்ணு, காப்பி இருக்கா?" என்று கேட்காத ஒரே ஆள் அவர். ஒருநாள் கண்காட்சி அழைப்பிதழ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவள், சாப்பிடாமலே திரும்பி வந்தாள்.

பாங் இன்ஹோ என்ற ஓவியரின் கல்லச்சுப் படம் அது. கையகலமாக மூன்று கருநீலப் பட்டைகள் மேலிருந்து இறங்கி, அடிவரை வராமல் பாதியில் நின்றிருந்தன. வலது ஓரத்தில் துருப்பிடித்த நிறத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை. மற்றதெல்லாம் வெறும் வெள்ளை. கல்லின் மேல் ஓவியரே கையால் வரைந்து, அறுபது பிரதிகள் அச்செடுத்து, பிறகு கல்லைத் தேய்த்து அழித்துவிட்டார்கள் என்று கூடத்துக்காரர் சொன்னார். இடது மூலையில் பென்சிலால் 23/60 என்று எழுதி, வலது மூலையில் ஓவியர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"என்ன படம் சார் இது?"

"தெரியாதும்மா. அவரும் சொல்லல. தலைப்பே வெக்கல பாருங்க."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. அதுவரை அவள் பார்த்த படங்களில் எல்லாம் யாராவது இருந்தார்கள். உழுகிறவன், துவைக்கிறவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள். இதில் ஒருவரும் இல்லை. யாருக்கும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. போனஸ் முழுவதையும் கொடுத்தது போக மிச்சத்தை மூன்று தவணையில் அடைத்தாள்.

அம்மா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இந்தக் காசுல கல்யாணத்துக்கு ரெண்டு செட் மெத்தை ரஜாய் எடுத்திருக்கலாமேடி. காகிதத்தையா போர்த்திக்கப் போற?"

அடுத்த வருடம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வூ சங்டே, அரசு அலுவலகத்தில் எழுத்தர். கல்யாணமானால் பெண்கள் வங்கி வேலையை விட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் பத்திரிகை அச்சடித்த வாரமே ராஜினாமாக் காகிதம் அவள் மேசைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டாள்.

படத்தைச் சமையலறைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினாள். சங்டே முதல் நாளே சிரித்தான். "மை கொட்டினதுக்கா காசு குடுத்த? என்கிட்ட சொல்லியிருந்தா ஆபீஸ்ல இருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து ஓசியில கொட்டியிருப்பேனே." அவளும் சிரித்துவைத்தாள். அவன் கெட்டவன் இல்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பவன், குடித்தாலும் கத்தாதவன். வீட்டில் இருக்கும் எல்லாமே தன்னுடையது என்பதை மட்டும் அவன் ஒருபோதும் யோசித்துப் பார்த்ததில்லை. காற்று இருக்கிறதா என்று யார் யோசிக்கிறார்கள்?

மகள் தாஜொங் பிறந்தாள், வளர்ந்தாள், பள்ளிக்குப் போனாள். சோறு வேகும்போதும், துணி மடிக்கும்போதும் கும்சுக் அந்தப் பட்டைகளைப் பார்ப்பாள். சில நாள் அவை இறங்கிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். சில நாள் ஏறிப்போவதுபோல இருக்கும். மகள் கேட்டதுண்டு: "அம்மா, அதுல என்ன தெரியுது?" "ஒண்ணும் தெரியல. அதான் பாக்கறேன்."

சங்டேவுக்குப் பிரிவுத் தலைவர் பதவி உயர்வுக்கான முறை வந்தது. அதே சமயத்தில் புது டைரக்டராகக் குவாக் என்பவர் தலைநகர் சோலிலிருந்து மாற்றலாகி வந்தார். டைரக்டருக்கு ஓவியம் என்றால் உயிர் என்று அலுவலகத்தில் யாரோ கிளப்பிவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை கும்சுக் சந்தையிலிருந்து வந்தபோது சுவர் காலியாக இருந்தது. படம் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"எங்க?"

சங்டே பத்திரிகையை இறக்கவில்லை. "டைரக்டர் வீட்ல. காவல்காரன்கிட்ட குடுத்துட்டு வந்தேன். ரசிக்கத் தெரிஞ்ச ஆளு, அவர் வீட்ல இருந்தா படத்துக்கும் மரியாதை."

"அது என்னோடது."

"நம்ம வீட்ல என்ன உன்னோடது, என்னோடது? பதவி வந்தா உனக்கும்தானே. இத மாதிரி பத்து வாங்கித் தரேன்."

அவள் கையிலிருந்த முள்ளங்கியைக் கழுவப் போனாள். அந்த வாரம் முழுக்கச் சோறு வைத்தாள், சட்டை தேய்த்தாள், பேச மட்டும் செய்யவில்லை. அவள் பேசாததை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் டைரக்டர் வீட்டில் குளிர்காலத்துக்கான முட்டைக்கோசு ஊறுகாய், கிம்ச்சி போடும் நாள். அவருக்குக் கீழே வேலை செய்பவர்களின் மனைவிகள் போய்க் கை கொடுக்க வேண்டும். யாரும் உத்தரவு போடுவதில்லை, ஆனால் யார் வரவில்லை என்பது மறக்கப்படுவதும் இல்லை. முற்றத்தில் உப்பில் ஊறிய முட்டைக்கோசுகள் மலைபோலக் குவிந்திருந்தன. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் குந்தியிருந்தார்கள். கும்சுக்கின் பக்கத்தில், சங்டேவுடன் வேலை பார்க்கும் பெக் என்பவரின் மனைவி ஒக்ரான். சின்னப் பெண், வாய் சும்மா இருக்காது.

"அக்கா, இந்த வீட்ல மூணே பேரு. இவ்ளோ கிம்ச்சிய யாரு திங்கறது?" என்று முணுமுணுத்தாள். "குளிர் முடியறதுக்குள்ள வவுறு வெடிச்சிரும்."

"மெல்லப் பேசு. காதுல விழப்போவுது."

"விழட்டும். அவங்க காதுல மிளகாப் பொடி போனாத்தான் தெரியும், நம்ம கண்ணு எரியறது."

வெங்காயத்தாள் எடுத்துவரச் சொல்லிக் கும்சுக்கைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு ஜாடிகளின் மேல் பலகைபோல ஒன்றைக் கிடத்தி, கழுவிய வெங்காயத்தாளை அதன் மேல் பரப்பித் தண்ணீர் வடியவிட்டிருந்தார்கள். தாளை அள்ளியபோது கண்ணாடியும், அதற்கு அடியில் நீலமும் தெரிந்தன.

கண்ணாடி காப்பாற்றியிருந்தது, ஆனால் கீழ்ச்சட்டம் வழியாக நீர் புகுந்து காகிதத்தின் ஓரம் அலை அலையாகப் புடைத்திருந்தது. 23/60. பென்சில் கலையவில்லை.

டைரக்டரின் மனைவி பின்னாலேயே வந்தாள். "என்ன, கிடைக்கலியா?"

"அம்மா, இந்தப் படம்..."

"அதுவா? யாரோ வாசல்ல குடுத்துட்டுப் போனாங்க. அவருக்குக் குதிரைப் படம்னாதான் உசுரு. இத பாத்துட்டு, என்ன இது மழைக் கறையான்னு கேட்டாரு." அவள் சிரித்தாள், கெட்ட சிரிப்பு இல்லை. "உங்களுக்கு வேணுமா? எடுத்துட்டுப் போங்களேன். எனக்கு ஒரு பாரம் குறையும்."

அன்று மாலை கும்சுக் டாக்ஸி பிடித்தாள். தனக்காக அவள் டாக்ஸி பிடித்தது அதுவே முதல் தடவை. படம் மடியில் இருந்தது. கையுறைக்குள் புகுந்த பூண்டும் மிளகாயும் பட்டுக் கையெல்லாம் எரிந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்னம்மா, சிரிக்கிறீங்க?" என்று கேட்டார்.

வேலையிலிருந்து வந்த சங்டே, படம் மறுபடி சுவரில் இருப்பதைப் பார்த்துச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டான். முகம் வெளுத்தது.

"திருப்பி அனுப்பிட்டாரா? என்ன சொன்ன நீ? என்ன உளறின?"

"ஒண்ணும் சொல்லல. அந்தம்மா வேணும்னா எடுத்துக்கோன்னாங்க. யாரு குடுத்ததுன்னே அவங்களுக்குத் தெரியல."

இதைக் கேட்டால் அவன் நிம்மதியடைவான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "தெரியாதா? நான் குடுத்ததுன்னே தெரியாதா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, "ஞாயித்துக்கெழமை டைரக்டர் வீட்டுக்கு நீயும் வர. இது எப்பேர்ப்பட்ட படம்னு நீயே சொல்லு. உனக்குத்தானே அந்தக் கதையெல்லாம் தெரியும்" என்றான்.

"நான் வரல."

"தாஜொங்குக்கு ட்யூஷன் வேணும்னு கேட்ட இல்ல? காலேஜுக்கு வேணாமா? எல்லாம் எங்க இருந்து வரும்?"

அவள் போனாள். வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு பெட்டிப் பேரிக்காயும் படமுமாக டைரக்டர் வீட்டு வரவேற்பறையில் இருவரும் முழங்கால் மடக்கி உட்கார்ந்தார்கள். எதிரே சுவரில் எட்டுக் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. சங்டே வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பேசினான். பாங் இன்ஹோ இப்போது பாரிசில் கண்காட்சி வைத்திருப்பது, பத்திரிகையில் வந்தது எல்லாம் சொன்னான். டைரக்டர் காலை நீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு கும்சுக்கின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் வாங்கினீங்களாமே? சொல்லுங்க, இதுல என்ன விசேஷம்?"

சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. பத்து வருடமாகப் பார்த்த படம். ஆனால் அந்த அறையில், அந்தக் குதிரைகளுக்குக் கீழே, வாயில் வந்தது ஒன்றுதான்.

"இது ஒரே ஒரு படம் இல்லீங்க. மொத்தம் அறுபது இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி."

"அறுபதே அறுபதுதான் சார்!" என்று சங்டே பாய்ந்தான். "உலகத்துலயே..."

டைரக்டர் சிரிக்க ஆரம்பித்திருந்தார். "அப்போ இன்னும் அம்பத்தொம்போது டைரக்டருங்க வீட்லயும் இது இருக்குன்னு சொல்லுங்க." அவர் மனைவியும் வாயைப் பொத்திச் சிரித்தாள். "சரி சரி, வெச்சிட்டுப் போங்க. ரெண்டாவது தடவ திருப்பி அனுப்பினா நல்லா இருக்காது."

பஸ்ஸில் சங்டே ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான். "அறுபதுன்னு யாரு உன்ன சொல்லச் சொன்னா?"

"அவர் கேட்டாரு."

"விசேஷம் என்னன்னு கேட்டாரு. கணக்கா கேட்டாரு?"

வேண்டுமென்றே சொன்னாளா, வாய் தவறி வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. பிற்பாடும் தெரியவில்லை.

ஜனவரியில் பட்டியல் வந்தது. அதில் ஒக்ரானின் கணவன் பெக்கின் பெயர் இருந்தது. சங்டேவைக் கிழக்குக் கடலோரத்தில் ஒரு கிளைக்கு மாற்றினார்கள். நான்கு வருடம் கருவாட்டு வாடையில் ஓடியது. படத்தால்தான் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. பெக் என்ன கொடுத்தான் என்றும் யாருக்கும் தெரியாது. சங்டேவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு விருந்தாளிகள் நடுவில் கும்சுக் வாயைத் திறந்தால் போதும், "ஆரம்பிச்சிட்டா, அறுபது!" என்பான். விருந்தாளிகளுக்கு அர்த்தம் புரியாது. ஆனாலும் சிரிப்பார்கள். நாளடைவில் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

குவாக் குடும்பம் சோலுக்குத் திரும்பியபோது, சாமான் கட்டப் போயிருந்த ஒக்ரான் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, சொல்லலாமா வேணாமான்னு தெரியல. அந்தப் படம் வண்டியில ஏறல."

"பின்ன?"

"பழைய மெத்தையோட சேத்து வெளிய வெச்சிருந்தாங்க. நான் எடுத்து வெச்சிருக்கலாம். மழை பெஞ்சுட்டு இருந்துச்சு அக்கா. கையில கொழந்த வேற."

"பரவாயில்ல. நீ என்ன பண்ணுவ?" என்றாள் கும்சுக். ரிசீவரை வைத்துவிட்டு மீன் பொரிக்கப் போனாள். மீன் தீய்ந்துவிட்டது. அன்றைக்கு அதற்கும் திட்டு வாங்கினாள்.

சங்டே பிரிவுத் தலைவர் ஆகாமலே ஓய்வு பெற்றான். அந்த வருடம்தான் பாங் இன்ஹோ செத்துப்போனார். பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தது, ஏலத்தில் விலை ஏறியது. சங்டே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தினமும் படித்தான். ஒருநாள் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு சோலுக்குப் போய், தட்டையான பெட்டி ஒன்றுடன் திரும்பி வந்தான். அதே மூன்று பட்டைகள். அதே கறை. 41/60.

சாப்பாட்டு மேசைக்கு எதிரே, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும்படி அவனே ஆணி அடித்தான். பழைய நண்பர்கள் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப் போவான். "எண்பத்தொண்ணுலயே எங்க வீட்ல இவர் படம் இருந்துச்சு. அப்பல்லாம் யாருக்கு இவரத் தெரியும்? கண்ணு வேணும்யா, கண்ணு." யாராவது கும்சுக்கிடம் ஏதாவது கேட்டால், "அவகிட்ட கேக்காதீங்க, அவ ஏதாவது உளறி வெப்பா" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான்.

விடுமுறைக்கு வந்த தாஜொங் படத்தைப் பார்த்துக் கையைத் தட்டினாள். "அம்மா! அப்பா உனக்காகத் தேடிப் புடிச்சு வாங்கியிருக்காரு பாரேன்."

"எனக்காகன்னு அவர் சொன்னாரா?"

மகள் அறைக்குள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். முகத்தில் முன்பிருந்த வெளிச்சம் இல்லை. "உனக்கும்தானாம், வீட்டுக்கும்தானாம். வெல ஏறும்னாரு." பிறகு சமாதானமாக, "எதுக்கா இருந்தா என்னம்மா? எல்லாம் ஒரே கல்லுல அடிச்சதுதானே. என்ன வித்தியாசம்?" என்றாள்.

கும்சுக் கிட்டே போய்ப் பார்த்தாள். காகிதம் சுத்தமாக, தட்டையாக, சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தது. பட்டைகள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"வித்தியாசம் ஒண்ணும் இல்ல. பாத்தா தெரியாது" என்றாள். "இது உங்க அப்பாவோட படம்."

இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டுகளை வைத்தபோது தன் கிண்ணத்தையும் கரண்டியையும் மேசையின் மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள். அங்கே உட்கார்ந்தால் எதிரே குளிர்சாதனப் பெட்டியும், அதன் பக்கத்தில் சோறு வேகும் குக்கரும்தான் தெரியும். சுவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

"ஏன் அங்க போய் உக்கார்ற?" என்றான் சங்டே.

"இங்கதான் கொஞ்சம் சூடா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவனுக்குச் சூப்பை ஊற்றினாள்.