ஏரிக்கரையில் பார்த்த அழுகண்ணி

ஆவடியில் பட்டாளத்தார் கூடாரம் போட்டிருந்த யுத்த காலம். திருமுல்லைவாயிலில் எங்களுக்குப் புதுக் குடித்தனம். ஒரு ஞாயிறு காலை ஏரிக்கரையில் நடந்தபோது, ஈர மணலில் விரல் உயரத்தில் ஒரு செடியைப் பார்த்தேன். இளஞ்சிவப்புப் பூ. வெயில் ஏறியும் இலைகளில் பனித்துளி காயவில்லை. பெயர் கேட்டேன். பள்ளி வாத்தியாரான என் கணவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் அதே மாதிரி இன்னொரு செடியைப் பிடுங்கிப் பள்ளிக்கு எடுத்துப் போனார். அன்று முதல் சாப்பிடும்போதெல்லாம் கூட வேலை பார்க்கும் சரோஜா டீச்சர் பேச்சுதான். "செடி கொடின்னா அவங்களுக்கு அத்துப்படி" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாடிய செடியை வைத்துச் சொல்ல முடியவில்லையாம். அடுத்த ஞாயிறு டீச்சரையே ஏரிக்கு அழைத்து வந்துவிட்டார். இருவரும் பேசிக்கொண்டே முன்னால் போக, நான் வயிறு எரியப் பின்னால் நடந்தேன். செடியருகே குனிந்த டீச்சர், "இது அழுகண்ணி. இலையில கீறது பனி இல்ல, பசை. பூச்சி வந்து ஒட்டிக்கும்" என்றார்.

"பேருதான் தெரிஞ்சிடுச்சே, ஊட்டுக்குப் போலாம்" என்றேன் வெடுக்கென்று. கணவர் முகம் கறுத்து விறுவிறுவென நடந்தார்.

டீச்சர் என் பக்கத்தில் வந்தார். "'என் சம்சாரம் கண்டுபிடிச்சது'ன்னு ஸ்கூல் முழுக்கக் காட்டினாரும்மா. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. நான் இன்னா பார்த்தாலும், ஊட்டுல சொல்ல ஆளு இல்ல."

என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. என் பொறாமை அன்றோடு போய்விட்டதென்று சொன்னால் பொய். ஆனால் அதற்கடுத்த ஞாயிறு, கணவரை வீட்டிலேயே விட்டுவிட்டு, டீச்சர் வீட்டுக் கதவை நானே போய்த் தட்டினேன்.