ஒட்டாமல் விட்ட இடம்

மைதாப் பசை கொதிக்கும் வாசம் எங்கிருந்து வந்தாலும், வடக்கே பிழைக்கப் போய்ச் சாகணில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையும் அப்பாவின் இருமலும் கூடவே வந்துவிடுகின்றன. ஏழாம் வகுப்பு அறிவியலில் ஒரு பத்தியை எழுதி, வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்துக் கலைத்துப் போட்டு, எது கூற்று, எது காரணம், எது முடிவு என்று பார்த்து மறுபடி ஒட்டச் சொல்வார்கள். அந்தத் துண்டுகளுக்கு எங்கள் வகுப்பில் "பட்டி" என்று பெயர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போனவள் நான். என் பட்டிகள்தாம் எப்போதும் முதலில் வரிசைக்கு வரும். வீட்டில் அவற்றைத் தமிழில் சொல்லிக்காட்டினால், எழுத்தறியாத அம்மா வெங்காயம் உரித்தபடியே, "அது பின்னாடி வரணும்டி" என்பாள். சரியாகவே இருக்கும்.

இரும்பு வார்க்கும் ஆலையில் வார்ப்புகளைத் தேய்க்கும் கிரைண்டிங் வேலை பார்த்த அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய வருடம், ஆலை மருத்துவரின் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. நோய் வேலையால் வந்தது என்று எழுதியிருந்தால் ஆலையே வைத்தியம் பார்க்கும். நான் படித்துச் சொன்னேன்: மூச்சுத் திணறல் உள்ளது, நுரையீரலில் தழும்பு உள்ளது, இவர் பதினோரு ஆண்டாக வேலை செய்கிறார், ஆகவே இது வேலையால் வந்ததல்ல.

"ஆகவேங்கிறானே, எதனாலன்னு எங்கடி சொல்றான்? தூசின்னு ஒரு வார்த்தை காணோமே" என்றாள் அம்மா.

"அங்க ஏது புள்ள தூசி? எல்லாத்தையும் நான்தான் சட்டையில வீட்டுக்குக் கொண்டாந்துட்டனே" என்று சிரிக்கப்போன அப்பா வெகுநேரம் இருமினார்.

யார் பார்த்தாலும் புரிய வேண்டும் என்று, அந்தக் கடிதத்தையே கத்தரித்தேன். மூன்று பட்டிகளை ஒரு தாளில் ஒட்டி, காரணம் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, அதற்குக் கீழே "ஆகவே"யை ஒட்டினேன். அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்தபடி மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போனார். கிழிந்த கடிதம் செல்லாது, அசல் வேண்டும் என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"நீ செஞ்சது சரிதாம்மா. அவன் படிக்கவே இல்ல" என்றார் அப்பா என்னிடம். இன்னொரு பிரதி கேட்டு ஆலைக்கு மூன்று முறை நடந்தார். நான்காம் முறை போக அவருக்கு மூச்சு இல்லை.

இப்போது விமான் நகரில் மருந்து ஆய்வறிக்கைகளைத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். காரணமில்லாத "ஆகவே"களுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதுகிறேன்; பெரும்பாலும் அப்படியேதான் அச்சாகின்றன. கத்தரியும் பசையும் இல்லை. வாக்கியங்களைத் திரையிலேயே நகர்த்துகிறோம். அப்பா இல்லை. அம்மா எதையும் படித்துக் காட்டச் சொல்வதில்லை. போன வாரம் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். மைதா பட்ட இடத்தையெல்லாம் பூச்சி தின்றிருக்கிறது, "ஆகவே" உட்பட. நான் ஒட்டாமல் விட்ட இடம் மட்டும் முழுசாக இருக்கிறது.