ஜின் எந்த டம்ளரில்?

குடிப்பது வேறு, ருசிப்பது வேறு என்று நான் என் மனைவிக்கு விளக்கியது, அவள் கையில் தோசைக் கரண்டியோடு அடுப்பு முன் நின்றிருந்த நேரத்தில். கரண்டியைக் கீழே வைக்கும்வரை ஒருவரிடம் தத்துவம் பேசக்கூடாது என்கிற விவரம்கூட எனக்கு அப்போது இல்லை.

2007 வாக்கில் நடந்தது. எனக்குக் கடலூரில் வேலை, சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் வாடகை வீடு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த மச்சானோடு, அதாவது மனைவியின் அண்ணனோடு, கொஞ்சம் பிராந்தி. அப்புறம் சிதம்பரம் பஸ். நாங்கள் குடிப்பதில் சூரர்கள் இல்லை. குடித்ததை மறைப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. முதலில் ஏலக்காய், அடுத்து இஞ்சி மிட்டாய், கடைசியாகக் கொய்யா இலை. மச்சான் வீட்டுக் கொய்யா மரத்தில் எங்கள் கைக்கு எட்டும் உயரம்வரை இலையே இருக்காது. ஆடு மேய்ந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷத்து வெயில் காலத்தில் பிரவுசிங் சென்டரில் வேறு எதையோ தேடப்போய் ஒரு படத்தைப் பார்த்தேன். உயரமான கண்ணாடித் தம்ளர், உள்ளே ஐஸ், ஆரஞ்சுச் சுளை, வெள்ளரிக்காய் வில்லை, மேலே பச்சை இலைக் கொத்து. வீட்டிலேயே செய்யலாம் என்று எழுதியிருந்தது. ஜின் என்ற ஒன்றை ஊற்றவேண்டுமாம். அதுவரை நான் குடித்த எதையும் அப்படி ஒரு போட்டோ எடுக்க யாருக்கும் தோன்றாது. இது எப்படித்தான் இருக்கும் என்று மண்டைக்குள் ஒரு பூச்சி குடைய ஆரம்பித்துவிட்டது.

கடலூர் மதுக்கடையில் ஜின் கேட்டதும் விற்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்."

"ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?"

கம்பிக்கு வெளியே வரிசையில் நின்ற ஒருவர், "அது பொம்பளைங்க குடிக்கிறதாச்சே மாமா, சினிமால பாத்ததில்ல?" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். விற்பவர் மேல் பலகையில் துழாவி ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து, தூசியை வாயால் ஊதிவிட்டுக் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றி டிபன் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாள் காலை டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்த மனைவி கையில் அது கிடைத்தது. இப்படித்தான் நான் தோசைக் கரண்டியின் முன்னால் வந்து நிற்க நேர்ந்தது.

"போதைக்கு இல்ல. ருசி எப்படி இருக்குன்னு பாக்கத்தான்" என்றேன்.

"அப்ப மாசாமாசம் கொய்யா இல தின்னுட்டு வரீங்களே, அதுவும் ருசிக்குத்தானா?"

"அது ஆபீஸ் மரத்து இல" என்றேன்.

"உங்க ஆபீஸ்ல ஏது கொய்யா மரம்? அந்த வாசன வந்தாலே தெரிஞ்சுடும், இன்னிக்கு ஐயா அண்ணனப் பாத்துட்டு வராருன்னு."

இத்தனை வருஷம் வாசனையை மறைக்க நாங்கள் மென்றதுதான் எங்களைக் காட்டிக்கொடுத்த வாசனை. மரத்தை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது.

அவள் திட்டவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஒரு ஒப்பந்தம் சொன்னாள். "ருசிக்குன்னு சொல்றீங்கல்ல. செய்ங்க. இங்கயே, என் கண்ணு முன்னாடி. ரெண்டு டம்ளர்ல ஊத்துவேன். ஒண்ணுல இது இருக்கும், ஒண்ணுல இருக்காது. எதுல இருக்குன்னு சரியா சொல்லிட்டீங்கன்னா மாசத்துக்கு ஒருநாள் வீட்டுலயே வெச்சுக்கங்க, நானே வறுவல் செஞ்சு தரேன். சொல்லலைன்னா ருசியே தெரியாம எதுக்குக் குடிக்கிறது? ஜின்னு, பிராந்தி எதுவும் கெடையாது. பாட்டில் சாக்கடைக்குப் போவும்."

மாதம் ஒருநாள், சொந்த வீட்டில், வறுவலோடு. கொய்யா இலை மெல்லாத ஒரு எதிர்காலம் கண்ணுக்குத் தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டு மச்சானுக்குப் போன் போட்டேன். மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். கையில் ஒரு பை வெள்ளரிக்காய்.

"அண்ணா, நீயும் குடிக்கிறியா?" என்றாள் தங்கை.

"நானா? ச்சே. மாப்ள தனியா கஷ்டப்படுறாரேன்னு வெள்ளரிக்கா நறுக்க வந்தேன்."

படத்தில் இருந்த இலைக்கு ரோஸ்மேரி என்று பெயர் போட்டிருந்தது. சிதம்பரம் மார்க்கெட்டில் அதைக் கேட்டால் சாம்பிராணிக் கடைக்கு அனுப்புவார்கள். புதினா வாங்கினோம். பின்கட்டில் வீட்டுக்காரர் வளர்த்த நார்த்தை மரத்திலிருந்து நாலு இலை. ஆரஞ்சுக்குப் பதில் சாத்துக்குடி. நசுக்கியதும் வீடே வாசனையாகிவிட்டது. ஸ்பூனில் எடுத்து நக்கிப் பார்த்தோம். அபாரமாக இருந்தது.

"இருந்தாலும் மருந்து வாடை தூக்கும் மாப்ள" என்றார் மச்சான் சன்னமான குரலில். "கொஞ்சம் இஞ்சி தட்டிப் போடலாம்."

தட்டிப் போட்டோம். தொண்டையில் காட்டாமல் இருக்க ரெண்டு மிளகு. போகப்போகக் கை தானாக ஓடியது. இன்னும் கொஞ்சம் புதினா, இன்னும் ரெண்டு நார்த்தை இலை, ஒரு ஏலக்காய். தலைகீழாக நின்றாலும் சரக்கு வாசனை வெளியே வராது என்று திருப்தியானதும்தான் நிறுத்தினோம். யாருடைய மூக்கிலிருந்து மறைக்கிறோம், இன்று கண்டுபிடிக்கவேண்டியது யாருடைய நாக்கு என்று ரெண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. பழக்கம்.

வடிகட்டி ஜக்கில் ஊற்றி மனைவியிடம் கொடுத்தேன். "எவ்வளவு ஊத்தணும்?" என்றாள். நான் எவ்வளவு அளவானவன் என்று காட்டிக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. "ரெண்டு மூடி போதும். ஜாஸ்தி வேணாம்" என்றேன் பெருந்தன்மையாக.

கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றினாள். ஐஸ் போட்ட ரெண்டு எவர்சில்வர் டம்ளர் வந்தது. முதல் டம்ளரில் ஒரு வாய். இஞ்சி சுரீரென்று இறங்கியது, பின்னாலேயே நார்த்தை, புதினா. இரண்டாவது டம்ளரில் ஒரு வாய். இஞ்சி சுரீரென்று இறங்கியது, பின்னாலேயே நார்த்தை, புதினா. மறுபடியும் முதல் டம்ளர். மிளகு. மறுபடியும் இரண்டாவது. அதே மிளகு. எனக்கு வியர்த்தது. அது ஜின்னாலா, பயத்தாலா, இஞ்சியாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மச்சான் மோப்பம் பிடிக்கிற பாவனையில் குனிந்து முதல் டம்ளரில் ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடினார்.

"இதான் மாப்ள. காதெல்லாம் சூடாவுது. லேசா தூக்குது பாருங்க."

அவர் சொன்னதும் எனக்கும் தூக்குவது மாதிரிதான் இருந்தது. சுவர்க் கடிகாரம்கூட கொஞ்சம் சாய்ந்து தெரிந்தது. "முதல் டம்ளர்" என்று அடித்துச் சொன்னேன்.

"அது வெறும் ஜூசு" என்றாள். "கடிகாரம் சாஞ்சுதான் இருக்கு. ஆணி சரியில்லன்னு போன மாசமே சொன்னேன்."

மச்சான் எழுந்து கைகழுவப் போனார். போனவர் வரவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலிலிருந்து குரல் மட்டும் கேட்டது.

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பின்னாலேயே நானும் போனேன். தோற்றவனுக்குப் போக வேறு இடம் ஏது? தோய்க்கிற கல் பக்கத்தில் நின்று மூடியைத் திறந்தவள், கவிழ்க்காமல் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். முகத்தைச் சுளிப்பாள் என்று பார்த்தேன். புருவம்தான் சுருங்கியது.

"இதுல தனியா வாசன வருது."

"கொத்தமல்லி வெதையா?"

"ம். காஞ்ச எலுமிச்சத் தோலும் இருக்கு. இன்னொண்ணு இருக்கு, அதான் என்னான்னு புடிபடல." இன்னொரு தரம் முகர்ந்தாள். "இதப் போயா அவ்வளவு இஞ்சி போட்டு மறைச்சீங்க?"

மூடியில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டினாள். "குடிங்க. எதத் தோத்தீங்கன்னாச்சும் தெரியணும்ல."

வெறும் ஜின், ஒரு மூடி. நாக்கில் முதலில் எரிச்சல், அது அடங்கியதும் அவள் சொன்ன தனியா, எலுமிச்சைத் தோல். அதற்கும் பின்னால் மழைக்கு அப்புறம் சவுக்குத் தோப்பில் நடக்கிற மாதிரி ஒரு வாசனை. படத்தில் பார்த்த அந்தத் தம்ளருக்குள் இருந்தது இதுதான் போலிருக்கிறது.

"எப்படி இருக்கு?" என்றாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

சவுக்குத் தோப்பு என்றேன். "அதான்" என்று தலையை ஆட்டினாள், ரொம்ப நேரமாகத் தேடியது கிடைத்த திருப்தியில். மறுபடி ஒருதரம் நன்றாக முகர்ந்து, சரிதான் என்று உறுதி செய்துகொண்டு, பாட்டிலைக் கவிழ்த்தாள். அது காலியாகும்வரை ரெண்டு பேரும் வாசனை பிடித்துக்கொண்டு நின்றோம்.