எட்டு என்று படித்த மூன்று

இருபத்தெட்டு ஆண்டுகள் பேருந்தில் நடத்துநராக இருந்ததால் ஊரே அவரை விசில்காரர் என்றுதான் கூப்பிட்டது. ஓய்வுபெற்ற மறுவாரமே அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. அவருடைய குடும்பப் பெயர் அபூர்வமானது. போரில் காணாமல் போன பெரியப்பாவைத் தேடி ராணுவ ஆவணக் காப்பகத்துக்குப் போனவர், பெரியப்பா கிடைத்த பிறகும் விடவில்லை. அதே குடும்பப் பெயருள்ள வீரர்களை எல்லாம் தேட ஆரம்பித்தார்.

"இன்னும் யாரைத் தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"பேரு ஒண்ணுதானே, எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

"அப்போ ஒருத்தரையாவது வந்து தண்ணி பிடிச்சுத் தரச் சொல்லுங்க."

கிடைத்தவர்களின் குடும்பத்தைத் தேடிப்பிடித்து நேரிலேயே போய்ச் சொல்வார். அப்படித்தான் அந்தத் தையல்காரம்மாவிடம் போனார். எழுபத்தாறு வயது. பத்தொன்பது வயதில் படைக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. குண்டு விழுந்து சொந்த வீடு இடிந்த பிறகும், அண்ணன் வந்தால் கண்ணில் பட வேண்டுமே என்று பக்கத்துத் தெருவிலேயே வாடகைக்கு இருந்தார். மகள் எத்தனையோ முறை கூப்பிட்டும் போகவில்லை.

ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்ததாகச் சொன்ன பதிவின் நகலை விசில்காரர் நீட்டினார். அந்தம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ இனிமே காத்திருக்க வேண்டாம், இல்ல தம்பி?"

அந்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டு மகளிடம் போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்து, காப்பகத்தில் வேறொரு அட்டையைப் புரட்டியபோது விசில்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே பெயர், அதே குடும்பப் பெயர். படை எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் மூன்று. அந்தம்மாவின் வீட்டு முகவரி இருந்த ஆள்சேர்ப்புப் பதிவேட்டில் அவர் அதை எட்டு என்று படித்து, மூழ்கியவரின் எண்ணோடு சேர்த்திருந்தார். அடையாளக் குறி: இடப் புருவத்தில் வெட்டுத் தழும்பு. சின்ன வயதில் தான் வீசிய கத்தரிக்கோல் பட்டு அண்ணனுக்கு வந்த தழும்பு என்று அந்தம்மா அன்றைக்கே சொல்லியிருந்தார். மூழ்கியவரின் அட்டையில் அந்த வரி காலியாக இருந்தது. பெயர் கிடைத்த சந்தோஷத்தில் அவர் கண் அங்கே போகவேயில்லை.

அட்டையின் பின்பக்கம் முன்னாள் வீரர்கள் இல்லம் ஒன்றின் முகவரி இருந்தது. உடனே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"போன மாசம்தான் தவறிட்டாருங்க," என்றார் காப்பாளர். "சண்டை முடிஞ்சதும் ஊருக்கு வந்தாராம். வீடும் தெருவும் தரைமட்டமா கிடந்துச்சாம், விசாரிக்கக்கூட ஆள் இல்லையாம். யாருமே மிஞ்சலன்னு நெனச்சுத் திரும்பிட்டாராம்."

"போய்ச் சொல்லித்தான் ஆகணுமா? பாவம், இப்போதான் நிம்மதியா இருக்காங்க," என்றாள் மனைவி. ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அந்த இல்லத்துக்குப் போய் ஒரு புகைப்படம் வாங்கிக்கொண்டு, தையல்காரம்மாவின் மகள் வீட்டுப் படியேறினார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

அந்தம்மா திட்டவில்லை. "கல்யாணம் பண்ணிக்கிட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா."

புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்க அப்பா மாதிரியே ஆயிட்டான்." பிறகு, குரல் உயராமல் சொன்னார்: "அன்னிக்கே சரியா பாத்திருக்கலாம் தம்பி."

விசில்காரர் தான் அதுவரை கண்டுபிடித்த இருபத்திரண்டு பேரின் பதிவுகளையும் திரும்ப எடுத்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். நான்கு மாதம் ஆயிற்று. வேறு எதிலும் பிழை இல்லை.

"பாத்தீங்களா, ஒண்ணே ஒண்ணுதானே," என்றாள் மனைவி ஆறுதலாக.

அவரால் அதற்குத் தலையாட்ட முடியவில்லை.