சேர்மன் செத்தும் பெருக்கிறார்

பேசின் உள்ளே போகவில்லை.

தையல்காரர் வீட்டம்மா குனிந்து இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தாள். ஒரு பக்கம் அவள் புருஷனின் கல்லறை. மறு பக்கம், செத்துப்போன நகராட்சி சேர்மனின் கல்லறையைச் சுற்றி நிற்கும் இரும்பு வேலி. நடுவில் இருந்த வெறும் தரையில் துணி அலசும் அந்த நீல பேசினை வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துதான் அவள் கல்லைக் கழுவுவாள். போன வருஷமே பேசின் உரசிக்கொண்டு போனது. இந்த வருஷம் விளிம்பே நுழையவில்லை.

அந்த வெறும் தரை அவளுடையது. புருஷனைப் புதைத்த அன்றே, பக்கத்து இடம் பெண்டாட்டிக்கு என்று கல்லறைத் தோட்டத்து ஆட்கள் விட்டுவைத்தது. அவர் உயிரோடு இருந்தபோது அவள் கேட்டு வாங்கியது ஒரு தையல் மெஷினும் ஒரு ஜன்னலும்தான். மூன்றாவதாக இந்த இடம். சேர்மன், முன்னாள் மந்திரி, பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்த கவுன்சிலர் என்று பெரிய தலைகள் படுத்திருக்கும் வரிசையில் தையல்காரருக்கு எப்படி இடம் கிடைத்தது என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. சேர்மனுக்குக் கடைசிவரை சட்டை தைத்தவர் அவர். அந்த விசுவாசத்துக்குக் கிடைத்த ஓரம்.

வீட்டுக்கு வந்து கொழுந்தனிடம் சொன்னாள். அவன் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். பழம் அவனே வாங்கி வந்தது. பத்து வருஷத்தில் இந்த வீட்டுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வராதவன்.

"வேலி நகர்ந்திருக்கு."

"வேலிக்குக் கால் இருக்கா அண்ணி? நீங்கதான் கொஞ்சம் பெருத்துட்டீங்க."

"நான் பெருத்தேன், சரி. பேசினும் பெருக்குமா?"

அவன் ஒரு சுளையை நீட்டினான். "இந்தாங்க, சாப்பிடுங்க. இந்த வயசுல எதுக்கு அண்ணி அங்கெல்லாம் போய்க் குனிஞ்சுக்கிட்டு? மக ஊருக்குப் போய் நிம்மதியா இருங்களேன்."

தேன் சொட்டுகிற வாயில் தேள் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவனை மேலும் கீழும் பார்த்தாள். புது வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது. பாக்கெட்டில் சேர்மனின் படம் போட்ட அட்டை எட்டிப் பார்த்தது. அவள் பார்ப்பதைக் கண்டதும் அவன் கைக்குட்டையை எடுத்து மேலே திணித்தான்.

"ரொம்ப வேர்க்குதா?" என்றாள்.

"இல்லையே."

"அப்போ கைக்குட்டையை உள்ள வை."

சேர்மனின் நினைவு நாளுக்கு முன்னால் வருஷாவருஷம் வேலியைக் கழற்றி, பெயின்ட் அடித்து, திரும்ப நடுவார்கள். இந்த வருஷம் வேலி கழற்றும் நாளில் வெல்டர் வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். பேசின் நிறையத் தண்ணீர், ஒரு பழைய இரும்புக் கரண்டி.

வேலிக் கம்பிகளுக்கு இடையே கையை விட்டு, உள்பக்கத் தரையில் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டுச் சுரண்டினாள். முதலில் ஒரு துருப்பிடித்த கம்பி முனை தட்டுப்பட்டது. அதே கோட்டில் இன்னொன்று. சேர்மன் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிச் சுரண்டினால் இன்னொரு வரிசை. அதற்கும் உள்ளே இன்னொன்று.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். இதை அவள் பார்த்திருக்கிறாள்.

சேர்மனுக்கு வயிறு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. புதுச் சட்டை தைக்கச் சொன்னால் பெருத்தது ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பழசையே கொடுத்தனுப்புவார். புருஷன் பக்கவாட்டுத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை இழுத்துவிட்டுத் தைப்பார். அவள் பட்டன் கட்டுவாள். எத்தனை தேய்த்தாலும் பழைய தையலின் ஊசி ஓட்டைகள் மட்டும் வரிசை வரிசையாகத் தெரியும். "மனுஷன் பொய் சொல்லலாம், துணி சொல்லாது" என்பார் புருஷன்.

"உசிரோட இருந்தப்பவும் பெருத்தே, செத்தும் பெருக்கிறியா?" என்று சேர்மன் கல்லைப் பார்த்துக் கேட்டாள்.

வெல்டர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான். சுரண்டிய தரையைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது.

"என்னம்மா நோண்டி வச்சிருக்கீங்க?"

"உன் தையலைத்தான் பிரிச்சிருக்கேன். எதுக்குடா வருஷா வருஷம் புது ஓட்டை?"

"கம்பி அடியில இத்துப்போகுதும்மா. மண்ணுக்குள்ள நிக்கிற பழைய மொட்டைக் கம்பியைப் புடுங்க அரை நாள் ஆகும். பக்கத்துலயே புதுசா ஒரு குழி போட்டா வேலை முடிஞ்சுது."

"பக்கத்துலன்னா என் பக்கம்தானா? அந்தப் பக்கம் போடுறது."

"அந்தப் பக்கம் மந்திரிம்மா. ஒரு விரல் தள்ளினா அவங்க மகன் போன் பண்ணிடுவாரு."

"இந்தப் பக்கம் போன் பண்ண யாருமில்ல."

வெல்டர் தலையைச் சொறிந்தான். "அதுவும் இல்லாம, உங்க வீட்டு ஆளே சம்மதிச்சுட்டாரே. போன வருஷத்துல இருந்து அவருதான நினைவுக் கமிட்டியில இருக்காரு."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அவனுக்குப் போன் போடு. சத்தமா வை. நான் இருக்கேன்னு சொன்னே, இந்தக் கரண்டி உன் வண்டி டயர்ல இருக்கும்."

கொழுந்தனின் குரல் கல்லறைகளுக்கு நடுவே கணீரென்று வந்தது. "என்னப்பா, வேலை ஆச்சா? இந்தத் தடவை அண்ணன் கல்லு ஓரம் வரைக்கும் போட்டுடு. நாளைக்குச் சேர்மன் சம்சாரத்துக்கு அங்கதான் இடம்னு அவங்க மகன்கிட்ட நான் வாக்குக் குடுத்திருக்கேன். எங்க அண்ணி கெடக்கு. அதை மக ஊர்லயே அடக்கம் பண்ணிடலாம்."

அவள் போனை வாங்கினாள். "சாயங்காலம் வீட்டுக்கு வா. உன் சட்டையில பிரிக்க வேண்டியது இருக்கு."

அந்தப் பக்கம் போன் டக்கென்று கட்டானது.

"சேர்மன் சம்சாரம் பாவம்மா," என்றான் வெல்டர் மெதுவாக. "அவங்களுக்கும் புருஷன் பக்கத்துல இருக்கணும்னு ஆசை இருக்காதா?"

"இருக்கட்டும். உள்ள போட்டிருக்கிற பளபளப்புக் கல்லு ரெண்டு ஆள் அகலம். அதை வெட்டிக்கச் சொல்லு. மொட்டையைப் புடுங்கு, நான் தண்ணி ஊத்துறேன். இல்லேன்னா நினைவு நாள் அன்னைக்கு அவர் மகன் கேமராவோட வருவான்ல, இந்த மூணு வரிசையையும் காட்டிட்டு, யாரு போட்டதுன்னும் சொல்லுவேன்."

அரை நாள் ஆகவே ஆனது. வேலி முதல் வருஷத்து வரிசைக்கே திரும்பிப் போனது.

நினைவு நாளன்று சேர்மன் மகன் மாலையோடு வந்தான். பின்னால் வெள்ளைச் சட்டைகள். வேலிக்கும் தையல்காரர் கல்லறைக்கும் நடுவில் ஒரு அம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஒரு நீல பேசின்.

"யாரு இவங்க?" என்று கொழுந்தனிடம் கேட்டான்.

"எங்க... அண்ணி."

"இங்க ஏம்மா உட்கார்ந்திருக்கீங்க?"

"என் இடம் தம்பி. நான் இன்னும் வரல, அவ்வளவுதான்."

சேர்மன் மகன் திரும்பிப் பார்த்தான். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. தேர்தல் பக்கத்தில். பெரிதாக ஒரு கும்பிடு போட்டான். அவளும் பதிலுக்குக் கும்பிட்டாள். அவன் போன பிறகு எழுந்து, வேலியின் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு பேசினை ஒருமுறை நீளவாக்கிலும், ஒருமுறை அகலவாக்கிலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.